மெல்லிசை மேடைக்கு எந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கலாம்?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறீர்கள். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று வாரக் கடைசிகளில் மேடை இருக்கிறது. ஆம்ப் தூக்கிக்கொண்டு போக வழியில்லை, கிட்டார் நேரே மிக்ஸருக்குத்தான் போகிறது. கையில் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), கோரஸ் (ஒலியைத் தடிப்பாக்குவது), டிலே (எதிரொலி தருவது) என்று மூன்று தனிப் பெடல்கள். அவற்றுக்குப் பதிலாக, பல எஃபெக்ட்ஸ் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்று வாங்க வேண்டும், 40,000 முதல் 45,000 ரூபாய் வரை செலவழிக்கலாம், எந்த மாடல்?

உங்கள் இடத்தில் இருந்தால் நான் பாஸ் எம்இ-90 வாங்குவேன். ஆனால் மாடல் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. கடையில் அது இல்லாமல் போகலாம், விலை ஏறியிருக்கலாம், நண்பர் ஒருவர் பழையது ஒன்றைக் கொடுக்க முன்வரலாம். எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தால் அப்போது தடுமாற வேண்டியதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். இத்தனை ஆம்ப், இத்தனை எஃபெக்ட்ஸ், இத்தனை பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) என்று பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணிக்கை உங்களுக்கு எதையும் சொல்லாது. 1988இல் பாஸ் எம்இ-5 வந்த காலத்தில் பல எஃபெக்ட்ஸ் ஒரே பெட்டிக்குள் இருப்பதே பெரிய விஷயம். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் வந்தபோது, ஆம்ப்பின் ஒலியையே மாடலிங் செய்து, அதாவது டிஜிட்டலாக நகலெடுத்து, கையடக்கப் பெட்டியில் கொடுத்தது புதுமை. இன்று ஜூம் நிறுவனத்தின் மிக மலிவான பெடலில்கூட ஒரு கச்சேரிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு எஃபெக்ட்ஸ் இருக்கின்றன. மெல்லிசை மேடையில் உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது கிளீன், அதன்மேல் கோரஸ் அல்லது ஃபேசர், ரிதமுக்கு லேசான ஓவர்டிரைவ், லீடுக்கு டிஸ்டார்ஷன், ‘வா’ (wah) எஃபெக்ட், டிலே, ரிவெர்ப், அவ்வளவுதான். இவை இல்லாத மல்டி எஃபெக்ட்ஸ் இன்று சந்தையில் கிடையாது.

ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு. பெட்டியை விட்டு ஒலி எப்படி வெளியே போகிறது என்பது ஒன்று. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கால் அதை எவ்வளவு எளிதாக இயக்க முடிகிறது என்பது இன்னொன்று. வீட்டில் ஹெட்ஃபோனில் பிரமாதமாக ஒலிக்கும் ஒரு பெடல் இந்த இரண்டில் ஒன்றில் சறுக்கினாலும் மேடையில் அது உங்களுக்குத் துணை நிற்காது.

வெளியே போகும் ஒலியிலிருந்து ஆரம்பிக்கலாம். கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்களையும் சமமாகத் தராது. செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற புகழ்பெற்ற 12 அங்குல ஸ்பீக்கரின் விவரக்குறிப்பில் 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை என்றுதான் போட்டிருக்கும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல்நிலைக் கரகரப்பில் பெரும்பகுதியை அந்த ஸ்பீக்கரே வடிகட்டிவிடுகிறது. மண்டபத்தில் கூட்டத்துக்காக நிற்கும் பிஏ ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டர் இருக்கிறது, அது 15,000 ஹெர்ட்ஸையும் தாண்டி எல்லாவற்றையும் அப்படியே தரும். உங்கள் ஓவர்டிரைவ் பெடலை நேரே மிக்ஸரில் செருகும்போது தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் கேட்பதற்கு இதுதான் காரணம். பெடல் மோசம் என்று நினைத்து அடுத்தடுத்து வேறு பெடல் வாங்கிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். இல்லாமல் போனது ஸ்பீக்கர், பெடலில் குறை இல்லை.

மல்டி எஃபெக்ட்ஸில் இருக்கும் கேபினெட் சிமுலேஷன் அந்த ஸ்பீக்கரின் வேலையைச் செய்கிறது. இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, கருவிக்குள்ளேயே எழுதி வைத்த மாடல். மற்றொன்று ஐஆர் எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்: உண்மையான ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் மைக் வைத்து, அந்த இரண்டும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்று பதிவு செய்த சின்ன ஆடியோ கோப்பு. வெளியிலிருந்து ஐஆர் ஏற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் பெடல் என்றால் கருவியின் ஆயுள் கூடும், ஏனென்றால் பிடிக்காத ஒலியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இருநூறு ஐஆர் சேர்த்து வைத்துக்கொண்டு எது நல்லது என்று இரவெல்லாம் மாற்றிக் கேட்பதில் பயனில்லை. கிளீனுக்கு ஒன்று, டிரைவுக்கு ஒன்று முடிவு செய்துவிட்டு அதோடு வாசித்துப் பழகுங்கள்.

கேபினெட் சிமுலேஷனோடு சேர்த்து, கீழ் ஒலிகளை வெட்டும் லோ கட், மேல் ஒலிகளை வெட்டும் ஹை கட் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டாரின் தடித்த கம்பி, அதாவது ஆறாவது கம்பி, 82 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தமான இடம். 80க்கும் 120க்கும் நடுவில் எங்காவது லோ கட் வைத்தால் மிக்ஸ் உடனே தெளியும். மேலே 6,000 அல்லது 7,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை கட் வைத்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார்கள். இவற்றை ஒவ்வொரு பேட்ச்சிலும் தனித்தனியாகத் திருத்தாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் மாற்ற குளோபல் ஈக்யூ உதவும். ஏசி மண்டபத்தில் சரியாக இருந்த ஒலி அடுத்த நாள் திறந்த மைதானத்தில் வேறு மாதிரி கேட்கும். ஐந்து பேட்ச்சையும் திறந்து திருத்த அங்கே நேரம் இருக்காது.

அடுத்தது கேபிள். மிக்ஸர் பெரும்பாலும் கூட்டத்துக்குப் பின்னாலோ மேடையின் ஓரத்திலோ இருக்கும். கிட்டார் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் இரைச்சல் சேரும், ஏனென்றால் அது அன்பேலன்ஸ்டு கேபிள், வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் வசதி அதில் இல்லை. பெடலில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக் இணைப்பு) அவுட்புட் இருந்தால் சவுண்ட்காரர் கொடுக்கும் மைக் கேபிளையே நேரே செருகிக்கொள்ளலாம். லைன் 6 ஹீலிக்ஸ், பாஸ் ஜிடி-1000 போன்ற பெரிய கருவிகளில் அது இருக்கிறது. உங்கள் விலையில் கிடைப்பவற்றில் பலவற்றில் கால் அங்குல ஜாக் மட்டும்தான். அதனால் வாங்கும் பணத்திலேயே, கால் அங்குல ஜாக்கின் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் நல்ல டிஐ பாக்ஸ் ஒன்றுக்கும் ஒதுக்கி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாசிவ் டிஐ போதும். மல்டி எஃபெக்ட்ஸ் வெளியே அனுப்பும் சிக்னல் வலுவானது, அந்த டிஐக்கு மின்சாரமும் தேவைப்படாது. அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். பெடலின் எக்ஸ்எல்ஆரை நேரே மிக்ஸரில் போடுபவர்கள் அந்தச் சேனலில் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மிக்ஸர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செருகுவது நல்லது.

மோனோவிலேயே யோசியுங்கள். விளம்பர வீடியோக்களில் ஸ்டீரியோ கோரஸும் இடம் வலம் தாவும் டிலேயும் மயக்கும். மெல்லிசை மேடையில் கிட்டாருக்கு ஒரு சேனல்தான் கிடைக்கும். ஸ்டீரியோவாக அமைத்த கோரஸை மோனோவாக்கும்போது சில நேரம் நடுவில் ஒலியே மெலிந்துபோகும். வீட்டில் பேட்ச் செய்யும்போதே இடது அல்லது மோனோ என்று போட்டிருக்கும் ஒரே ஜாக்கிலிருந்து எடுத்துக் கேட்டு அமைத்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பெடல் வாங்குவோர் அதிகம் யோசிப்பதில்லை. நம் ஊர்த் திறந்தவெளி மேடைகளில் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் சீரியல் லைட்டும் டிம்மரும் அதே இணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். சிங்கிள் காயில் கிட்டார் என்றால் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மேல்சுரங்களும் பிக்கப் வழியாகவே உள்ளே வந்துவிடும். வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் இல்லாமல் டிஸ்டார்ஷன் போட முடியாது. கேட்டை டிரைவுக்கு முன்னால் வைத்து, கம்பியைக் கையால் அடக்கினால் இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். அதிகம் வைத்தால் நீண்டு ஒலிக்க வேண்டிய லீட் ஸ்வரம் பாதியில் அறுந்துவிடும்.

மின்சாரம் ஒரு கணம் விழுந்து எழுந்தாலும் டிஜிட்டல் கருவி முதலிலிருந்து பூட் ஆகும். சில பெடல்கள் சில நொடிகளில் திரும்பும், பெரிய கருவிகள் அரை நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கும். பாடகர் பல்லவியைத் தொடங்கிவிட்ட நேரத்தில் அரை நிமிடம் மிக நீண்டது. பேட்டரியிலும் ஓடக்கூடிய பெடலுக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது இதனால்தான். பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் இரண்டும் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். எம்இ-90யும் ஏஏ பேட்டரியில் ஓடும். பேட்டரி போட்டு வைத்தால் ஜெனரேட்டர் மாற்றும் நேரத்திலும் பெடல் அணையாது, அடாப்டர் வழியாக வரும் இரைச்சலும் இருக்காது. லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப், பாட் கோ போன்றவற்றுக்கு 9 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். சாதாரணப் பெடலுக்கு வரும் சின்ன அடாப்டரைச் செருகினால் அவை இயங்காது. அதனால் அந்த அடாப்டரில் இன்னொன்று பையில் இருப்பது நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எர்த்திங் சரியில்லாத மேடையில் கிட்டார் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். கோயில் மேடைகளில் செருப்பில்லாமல், சில நேரம் ஈரத் தரையில் நின்று வாசிக்கிறோம், அதனால் ஆபத்து கூடுதல். சவுண்ட் செக்கில் லேசாக விறுவிறுத்தாலே வாசிப்பதை நிறுத்திவிட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரைச்சலைப் போக்குவதற்காகப் பவர் பிளக்கின் எர்த் பின்னை யாராவது பிடுங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கிறது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பவர் எர்த் உங்கள் உயிரைக் காப்பது, அதில் கை வைக்கக் கூடாது.

சரி, இப்போது காலுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை தேர்வின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது.

மல்டி எஃபெக்ட்ஸை மூன்று வழிகளில் இயக்கலாம். முதல் வழி பேட்ச் மாற்றுவது: ஒரு மிதியில் மொத்தச் சங்கிலியும் மாறும். இரண்டாவது, ஒவ்வொரு ஃபுட்ஸ்விட்சும் ஒரு எஃபெக்ட்டை மட்டும் ஆன், ஆஃப் செய்வது. உங்கள் தனிப் பெடல்களைப் பயன்படுத்திய அதே பழக்கம்தான், பாஸ் இதை மேனுவல் மோட் என்கிறது. மூன்றாவது, ஒரே பேட்ச்சுக்குள் பல நிலைகளைச் சேமித்து வைத்து அவற்றுக்குள் தாவுவது. லைன் 6 அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர் வைத்திருக்கிறது, ஃப்ராக்டல், குவாட் கார்டெக்ஸ் கருவிகளில் அதன் பெயர் சீன் (காட்சி).

பேட்ச் மாற்றும்போது பல கருவிகளில் ஒரு கண நேரம் ஒலி அறுபடும், முந்தைய பேட்ச்சின் டிலே வால் பட்டென்று நின்றுவிடும். வீட்டில் வாசிக்கும்போது இது தெரியாது. சரணம் முடிந்து இன்டர்லூடில் லீட் எடுக்கிற அந்த முதல் ஸ்வரத்தில் நன்றாகவே தெரியும். ஸ்னாப்ஷாட்டில் இந்த இடைவெளி இல்லை, ஏனென்றால் கருவி புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை, ஏற்கெனவே ஏற்றியவற்றின் நிலையை மட்டும் மாற்றுகிறது. கடையில் சோதிக்கும்போது நீளமான டிலே போட்டு ஒரு கார்டை அடித்துவிட்டு உடனே பேட்ச்சை மாற்றிப் பாருங்கள். வால் தொடர்கிறதா, ஒலி அறுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். எந்த வீடியோ விமர்சனத்தையும்விட இந்தச் சின்னச் சோதனையை நம்பலாம்.

பாட்டுக்கு ஒரு பேட்ச் என்று வரிசையாக அடுக்கி வைக்கும்படி பல வெளிநாட்டு ஆலோசனைகள் சொல்லும். சொந்தப் பாடல்களை ஒரே வரிசையில் வாசிக்கும் ராக் குழுவுக்கு அது பொருந்தும். மெல்லிசை மேடையில் பொருந்தாது. கூட்டத்திலிருந்து பாட்டு கேட்டுச் சீட்டு வரும், பாடகர் கடைசி நேரத்தில் வேறு பாட்டைச் சொல்வார், கீபோர்டுகாரர் உடனே முன்னிசையைத் தொடங்கிவிடுவார். அந்த நேரத்தில் எழுபத்திரண்டாவது பேட்ச்சைத் தேடி மிதித்துக்கொண்டிருக்க முடியாது. எழுபதுகளின் பாட்டு, எண்பதுகளின் பாட்டு, போன மாதம் வந்த பாட்டு எல்லாம் ஒரே இரவில் மாறி மாறி வரும். அதனால் அடிப்படை ஒலி நான்கோ ஐந்தோ போதும்: பளிச்சென்ற கிளீன், கோரஸ் சேர்ந்த கிளீன், லேசாகக் கடிக்கும் ரிதம், லீட், அக்கூஸ்டிக் மாதிரி ஒன்று. இவை ஒரே பேங்க்கில் (பேட்ச்சுகளின் ஒரு தொகுதி) பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே டிலே, வா, பூஸ்ட் மூன்றையும் எந்த நேரத்திலும் தனியாக மிதிக்க முடிய வேண்டும்.

அக்கூஸ்டிக் மாதிரி ஒலி தரும் சிமுலேட்டரைக் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சினிமாப் பாடல்களில் அக்கூஸ்டிக் கிட்டார் ஆர்பெஜியோவும் எலெக்ட்ரிக் லீடும் ஒரே பாட்டில் வருவது சாதாரணம். குழுவில் கிட்டார்காரர் நீங்கள் ஒருவர்தான் என்றால் இரண்டையும் நீங்களே வாசித்தாக வேண்டும், நடுவில் கிட்டாரைக் கழற்றி மாற்ற நேரம் இல்லை. சிமுலேட்டர் அசல் அக்கூஸ்டிக் ஆகாது. ஆனால் நெக் பிக்கப்பில் வைத்து, கொஞ்சம் ரிவெர்ப் சேர்த்தால், தபலாவும் ஸ்டிரிங்ஸும் சேர்ந்த மிக்ஸில் நன்றாகவே உட்காரும்.

இந்தத் தேவையை வைத்துக் கணக்குப் போட்டால் ஃபுட்ஸ்விட்ச் எத்தனை வேண்டும் என்பது தானாகத் தெரியும். மூன்றே ஃபுட்ஸ்விட்ச் உள்ள கருவி எவ்வளவு நல்ல ஒலி தந்தாலும் இந்த மேடைக்குத் தனியாகப் போதாது. எச்எக்ஸ் ஸ்டாம்ப்பின் ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும், 2018இல் வந்ததிலிருந்து பலர் பையில் அது இருக்கிறது. ஆனால் அதில் மூன்று சுவிட்ச்தான், எக்ஸ்பிரஷன் பெடலும் (காலால் மேலும் கீழும் அசைத்து வாவையோ வால்யூமையோ மாற்றுவது) வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். கூடுதல் சுவிட்ச், பெடல், கேபிள் எல்லாம் சேர்த்தால் விலையும் ஏறும், மேடையில் இணைப்புகளும் கூடும். ஒவ்வொரு இணைப்பும் பழுதாக ஒரு வாய்ப்பு.

சுவிட்ச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று நின்றுகொண்டு பாருங்கள். உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. ஷூ போட்டு ஒரு முறை, வெறுங்காலோடு ஒரு முறை மிதியுங்கள். நெருக்கமாக வைத்த கருவியில் ஷூவோடு ஒன்றை மிதித்தால் இரண்டு மாறும். கூர்மையான உலோகச் சுவிட்ச்சை வெறுங்காலால் மூன்று மணி நேரம் மிதித்தால் கால் நோகும். மாலை வெயில் நேரே விழும் மேடையில் திரை தெரிகிறதா, சுவிட்ச்சின் விளக்கு தெரிகிறதா என்பதும் முக்கியம். எக்ஸ்பிரஷன் பெடலில் முன்பாதத்தை அழுத்தினால் வா ஆன் ஆகும் டோ சுவிட்ச், ஆகாவிட்டால் அதே பெடல் வால்யூம் என்று அமைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வால்யூம் பெடல் மேடையில் சவுண்ட்காரருக்குச் செய்யும் பெரிய உதவி: பாடகர் வரும்போது நீங்களே இறங்கலாம், இன்டர்லூடில் நீங்களே ஏறலாம்.

டிலேயின் வேகம் பாட்டோடு ஒத்துப்போக, காலால் தட்டி வேகத்தைச் சொல்லும் டேப் டெம்போ வேண்டும். சீக்வென்ஸரிலோ ரிதம் பேடிலோ நிலையான வேகத்தில் ஓடும் பாட்டுக்கு மில்லிசெகண்டிலேயே போட்டுவிடலாம். 120 பிபிஎம் என்றால் ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்ட், டாட்டட் எய்த் (முக்கால் அடி) வேண்டுமானால் 375. ஆளே டிரம்ஸ் வாசிக்கும் குழுவில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும், அங்கே காலால் தட்டுவதுதான் சரி. டியூனர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை மிதித்தால் வெளியே ஒலி முழுவதும் மியூட் ஆகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒலியளவுக்கு வருகிறேன். 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும், ஒலி கூடக்கூட நம் காது பேஸையும் டிரெபிளையும் கேட்கும் விதம் மாறுகிறது என்று அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாக வைத்து நீங்கள் அமைக்கும் பேட்ச்சில் பேஸும் டிரெபிளும் போதாததுபோல் தோன்றும், கூட்டிவிடுவீர்கள். அதே பேட்ச் மேடையில் பத்து மடங்கு சத்தத்தில் வரும்போது கீழே குமுறும், மேலே குத்தும், நடுவில் கிட்டாரே காணாமல் போகும். ரிகர்சல் அறையில், குழு முழுவதும் வாசிக்கும்போது, மேடைச் சத்தத்துக்குப் பக்கத்தில் வைத்து இறுதி செய்யுங்கள். மிட் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். தனியாகக் கேட்டால் மூக்கடைத்ததாகத் தோன்றும் அந்த மிட்தான் கீபோர்டுக்கும் ஸ்டிரிங்ஸுக்கும் நடுவில் கிட்டாரைக் கேட்க வைக்கிறது. டிஸ்டார்ஷனையும் ரிவெர்பையும் வீட்டில் வைத்ததில் பாதிக்கு இறக்குங்கள், மண்டபமே வேண்டிய அளவு எதிரொலி கொடுக்கும்.

பேட்ச்சுகளுக்குள் ஒலியளவைச் சமன் செய்ய மிக்ஸரின் மீட்டரைப் பார்த்துச் செய்வது நல்லது. டிஸ்டார்ஷன் ஒலி அமுங்கி நிரம்பியிருப்பதால் காதுக்குச் சத்தமாகத் தோன்றும், பாண்டுக்குள் போனதும் அமிழ்ந்துவிடும். லீட் பேட்ச் ரிதத்தைவிட 3 அல்லது 4 டெசிபல் மேலே இருக்கட்டும். அதற்கான பூஸ்ட்டைச் சங்கிலியில் ஆம்ப் மாடலுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன்தான் கூடும், சத்தம் கூடாது.

லேட்டன்சி, அதாவது கருவி ஒலியை வெளியே விட எடுக்கும் தாமதம், பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் எடுக்கிறது. நல்ல மல்டி எஃபெக்ட்ஸின் தாமதம் அந்த அளவில்தான் இருக்கும், மானிட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். டிஜிட்டல் வயர்லெஸ், மல்டி எஃபெக்ட்ஸ், டிஜிட்டல் மிக்ஸர், வயர்லெஸ் இன் இயர் என்று எல்லாம் அடுத்தடுத்துச் சேரும்போதுதான் விரலுக்கும் காதுக்கும் நடுவில் தள்ளாட்டம் தெரியும். அப்படி ஆனால் முதலில் கிட்டார் வயர்லெஸ்ஸைக் கழற்றிவிட்டுக் கேபிள் போடுங்கள்.

இப்போது மாடல்கள். 2023இல் வந்த எம்இ-90இல் எட்டு ஃபுட்ஸ்விட்ச், எக்ஸ்பிரஷன் பெடல், ஒவ்வொரு எஃபெக்ட்டுக்கும் மேலேயே திருகக்கூடிய நாப் இருக்கின்றன. மெனுவுக்குள் நுழையாமல், குனிந்து ஒரு நாப்பைத் திருகி டிலேயைக் குறைக்க முடிகிறது. தனிப் பெடல்களில் பழகிய உங்களுக்கு இது கைக்கு உடனே வசமாகும். மேனுவல் மோட், மெமரி மோட் இரண்டும் இருப்பதால் சீட்டு வரும் மேடைக்கு ஏற்றது. ஆம்ப் மாடலிங்கில் இதைவிட நுணுக்கமான கருவிகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல்யாண மண்டபத்தில் அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்காது, உங்கள் கால் தடுமாறினால் எல்லோருக்கும் கேட்கும்.

கொஞ்சம் அதிகம் செலவழிக்க முடிந்தால் 2020இல் வந்த பாட் கோ. எட்டு ஃபுட்ஸ்விட்ச், எக்ஸ்பிரஷன் பெடல், ஸ்னாப்ஷாட், ஐஆர் வசதி எல்லாம் உண்டு. ஹீலிக்ஸ் குடும்பத்து ஒலி. ஆம்ப், கேப் (கேபினெட்), வா, வால்யூம், ஈக்யூ போன்றவற்றுக்கு இடம் நிரந்தரமாக ஒதுக்கியிருப்பதால் நீங்கள் விரும்பியபடி சேர்க்கக்கூடிய எஃபெக்ட் நான்குதான். மெல்லிசைக்கு அது தாராளம். ஆம்ப்புக்கென்று தனி அவுட்புட் இருப்பது இதில் எனக்குப் பிடித்தது: மிக்ஸருக்குக் கேபினெட் சிமுலேஷனோடு ஒன்று, மேடையில் ஆம்ப் கிடைத்தால் அதற்குச் சிமுலேஷன் இல்லாமல் ஒன்று. 2024இல் வந்த பாஸ் ஜிஎக்ஸ்-10 தொடுதிரையோடு நல்ல ஒலி தருகிறது, ஆனால் ஃபுட்ஸ்விட்ச் குறைவு. செல்போன் மாதிரி திரையில் அமைத்துப் பழகியவர்களுக்கு அது சரியாக இருக்கும்.

பணம் பாதிதான் சேர்ந்திருக்கிறது என்றால் ஜிடி-1. சின்னது, பேட்டரியில் ஓடும், கோயில் திருவிழாக்களுக்குப் பஸ்ஸில் கொண்டுபோகலாம். மூன்று சுவிட்ச் போதாது என்பதால் இரட்டை ஃபுட்ஸ்விட்ச் ஒன்றை வெளியே சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கான ஜாக் பின்னால் இருக்கிறது. ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் இன்னும் மலிவு. கற்றுக்கொள்பவருக்கும் மாற்றுக் கருவியாக வைத்துக்கொள்ளவும் நன்று. வலெட்டன், நக்ஸ், ஹோட்டோன் போன்ற சீனத் தயாரிப்புகள் இதே விலைகளில் ஐஆர், பெரிய திரை என்று அதிகம் தருகின்றன, ஒலியும் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வாங்குமுன், பழுதானால் உங்கள் ஊரில் யார் பார்ப்பார்கள் என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். ஹீலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ், ஃப்ராக்டல் எஃப்எம்9 எல்லாம் அருமையான கருவிகள். ஸ்டுடியோ வேலையும் பெரிய மேடையும் வரும்போது அவற்றை யோசிக்கலாம்.

வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கிட்டார் ஆம்ப்பில் சோதிக்காமல் பவர்டு ஸ்பீக்கர் ஒன்றில் இணைக்கச் சொல்லுங்கள், நீங்கள் வாசிக்கப்போவது அப்படித்தான். ஏற்கெனவே போட்டு வைத்த பேட்ச்சுகளைக் கேட்டு மயங்க வேண்டாம். வெறும் பேட்ச் ஒன்றை எடுத்து ஒரு ஆம்ப், ஒரு கேப், ஒரு டிலே மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் உங்களால் ஒரு நல்ல கிளீன் செய்ய முடியாவிட்டால் அந்தக் கருவி உங்களுக்கு ஒத்துவராது. பழையது வாங்கினால் ஒவ்வொரு சுவிட்ச்சையும் இருபது முறை மிதியுங்கள், ஜாக்கில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டுங்கள், எக்ஸ்பிரஷன் பெடலை மெதுவாக மேலிருந்து கீழ் வரை இறக்கி மதிப்பு தாவாமல் போகிறதா என்று திரையில் பாருங்கள். கடைசியாக ஃபேக்டரி ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

உங்களிடம் இருக்கும் மூன்று பெடல்களை விற்க வேண்டாம். ஓவர்டிரைவை மல்டி எஃபெக்ட்ஸுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள், கைக்குப் பழகிய ஒலி அப்படியே கிடைக்கும், உள்ளே ஒரு எஃபெக்ட் இடமும் மிச்சம். கோரஸையும் டிலேயையும் 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். பேட்ச்சுகளை லேப்டாப்பிலோ போனிலோ நகல் எடுத்து வையுங்கள், ஃபர்ம்வேர் அப்டேட் செய்யும் நாளும் கச்சேரி நாளும் ஒன்றாக வேண்டாம். புதுப் பெடலோடு முதல் மேடைக்குப் போகுமுன் இரண்டு முழு ரிகர்சலாவது அதை மட்டும் வைத்து வாசித்துவிடுங்கள். எந்தச் சுவிட்ச் எங்கே என்று குனிந்து பார்க்காமலே தெரிந்த பிறகு மேடைக்கு எடுத்துப் போகலாம்.